சாப்பாட்டு வேளையில் ஏறிய கோடு

அண்ணா,

சூடான பிளாஸ்டிக் வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. போன வாரம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். புதிதாக வாங்கிய சர்வரைக் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் வேலை. மோல்டிங் கூடத்தைத் தாண்டித்தான் சர்வர் அறைக்குப் போக வேண்டும். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று யோசித்தால், உங்கள் மேல்தான். செத்துப்போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது.

உட்கார்ந்து கான்ஃபிக் கோப்பைத் திறந்தேன். அதே பழைய பூதம்தான். பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரலை ஊர் உலகமெல்லாம் டீமன் என்கிறது, நீங்கள் பூதம் என்றீர்கள். சில விநாடிகளுக்கு ஒரு தரம் இயந்திரத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்து எழுதிவைக்கும் பூதம். அதற்குத் தானாக எதையும் கேட்கத் தெரியாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிளக்இன் வேண்டும். பிராசசர் எவ்வளவு உழைக்கிறது என்று கேட்க ஒன்று, நினைவகத்துக்கு ஒன்று, வட்டுக்கு ஒன்று. கோப்பில் எல்லாவற்றின் பெயரும் வரிசையாக இருக்கும். பெயருக்கு முன்னால் # குறி இருந்தால் அது தூங்குகிறது. குறியை எடுத்துவிட்டு பூதத்தை மறுபடி கிளப்பினால் விழித்துக்கொள்ளும். இவ்வளவுதான் வித்தை. நான் கடகடவென்று குறிகளை எடுத்துக்கொண்டே வந்தேன். வெப்பநிலை வரி வந்ததும் விரல் நின்றுவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒரு வரியில் எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகிறது.

இரண்டாயிரத்து ஆறாம் வருடத்துக் கோடை. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பிளாஸ்டிக்கில் கார் பாகங்கள் வார்க்கும் நம் கம்பெனி. நீங்கள் சிஸ்டம் அட்மின், இன்னும் நிரந்தரமாகாதவர். நான் உங்கள் பக்கத்து மேசையில் லேபிள் அடிப்பவள், கான்ட்ராக்ட். நம் இருவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். இருந்தாலும் முதல் நாளே நான் அண்ணா என்றேன், நீங்கள் தங்கச்சி என்றீர்கள், அதோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. நான் சுங்குவார்சத்திரத்துக்காரி, நீங்கள் கோவில்பட்டி. என் "இன்னா"வைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். யாரையோ திட்டும்போதுகூட "அவுக" என்று மரியாதையாகத் திட்டும் உங்களைப் பார்த்து நான் சிரிப்பேன்.

நம் அறைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மோல்டிங் கூடம். சித்திரை வெயிலும் இயந்திரச் சூடும் சேர்ந்து அங்கே நிற்கிறவர்களைப் பிழிந்து எடுக்கும். வார்த்து வரும் பாகத்தில் பிசிறு வெட்டுகிற வேலை பெண்களுக்கு. பகல் முழுக்க நின்றுகொண்டே வெட்ட வேண்டும். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குளிர் இருந்த ஒரே இடம் நம் சர்வர் அறை. சாப்பாட்டு மணி அடித்தால் டிபன் பாக்ஸை அவசர அவசரமாக முடித்துவிட்டு அத்தனை பேரும் உள்ளே வந்து வெறும் தரையில் படுத்துவிடுவார்கள். நான் சேருவதற்கு முன்பே இருந்த வழக்கம் அது. ஏசி இரைச்சலில் வேலை மணி காதில் விழாது என்று, கழித்துப்போட்ட கார் கதவுப் பலகை ஒன்றை நிலையில் செருகிக் கதவைத் திறந்தே வைப்பார்கள். மேல்மாடி ஆபீஸில் யாருக்கும் தெரியாது. அவர்கள் கீழே இறங்கி வருகிற நேரமா அது?

அந்தப் பெண்களில் ஒருத்தி செல்வி. வந்தவாசிப் பக்கம். மாசமாக இருந்தாள். தெரிந்தால் கான்ட்ராக்டர் மறுநாள் பஸ்ஸில் ஏற்ற மாட்டான். அதனால் பெரிய சைஸ் யூனிஃபார்ம் கோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வயிற்றை அதற்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் காலையில் வெட்டுகிற மேசையிலேயே மயங்கிச் சரிந்தாள். தோழிகள் தாங்கிப் பிடித்து, பசி மயக்கம் என்று சூப்பர்வைசரிடம் புளுகிவிட்டார்கள். அன்றைக்கு மதியம் அவள் நம் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது, நீங்கள் சாப்பிடாமல், மானிட்டரைப் பார்ப்பது போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மாசமாக இருந்த உங்கள் அக்காவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் என்ன நடந்தது என்பதை அன்றைக்குத்தான் சொன்னீர்கள். நான் திரும்பக் கேட்கவில்லை. நீங்களும் மறுபடி சொல்லவில்லை.

அந்தக் கோடையில்தான் சர்வர் விழ ஆரம்பித்தது. மதியத்தில் திடீரென்று அணைந்துவிடும். லேபிள் நிற்கும், லேபிள் இல்லாமல் வண்டி கிளம்பாது, கார் கம்பெனியின் லைன் காத்திருக்கும், அங்கிருந்து வரும் வசவு நேராக நம் பிளான்ட் மேனேஜர் தலையில் விழும். விழுந்ததற்கான தடயமும் லாகில் இருக்காது. இயந்திரம் எழுதிவைக்க அவகாசம் இல்லாமல் செத்துப்போயிருக்கும். பழைய சிஸ்டத்தை மாற்றி லினக்ஸ் போடலாம் என்று வாதாடி வாங்கியவர் நீங்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பழி லினக்ஸ் மேல் விழுந்தது, அதாவது உங்கள் மேல். மாத முடிவுக்குள் காரணத்தைப் படம் போட்டுக் காட்டினால் நிரந்தரம், இல்லாவிட்டால் சென்னையிலிருந்து வேறு ஆட்களைக் கூப்பிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

நீங்கள் பூதத்தை இறக்கியது அப்போதுதான். எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன என்று சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எல்லாக் குறிகளையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சும் காதில் விழாது என்றீர்கள். ஒரு பிளக்இன்னை எழுப்புவது, அடுத்த தடவை சர்வர் விழும்வரை காத்திருப்பது, விழுந்ததும் வரைபடத்தைப் பார்ப்பது. பிராசசர் கோடு சாதுவாக இருந்தது. நினைவகம் நிறைய மிச்சம். வட்டில் தாராளமாக இடம். நெட்வொர்க்கில் ஒரு சலனமும் இல்லை. ஒவ்வொன்றும் நல்ல பிள்ளையாகச் சாட்சி சொல்லச் சொல்ல உங்கள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும், நீங்கள் சரியான சட்டியில் கைவிடவில்லை என்று கிண்டல் செய்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப சூட்டக் கேப்போம்" என்றீர்கள்.

வெப்பநிலை பிளக்இன் லேசில் வழிக்கு வரவில்லை. மதர்போர்டில் சூட்டை அளக்கும் உணரியை முதலில் கண்டுபிடித்து, அதற்கான மாட்யூலை ஏற்றி, அதன் பெயரைச் சரியாகக் கொடுத்தால்தான் பூதம் அதனோடு பேசும். இரண்டு நாள் மல்லுக்கட்டினீர்கள். அடுத்த வாரத்தில் சர்வர் இரண்டு தரம் விழுந்தது. பிறகு நாம் படத்தைத் திறந்து பார்த்தோம்.

தினமும் ஒரு மேடு. காலை முழுக்கப் படுத்துக்கிடக்கும் கோடு சாப்பாட்டு மணிக்கு எழுந்து ஏறுகிறது, வேலை மணிக்குப் பிறகு மெல்ல இறங்குகிறது. அதிகமாக ஏறிய இரண்டு நாட்களில் உச்சியிலேயே அறுந்துவிட்டது, சூடு தாங்காமல் சர்வர் அணைந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை மேடே இல்லை. நாம் இருவரும் திரும்பிப் பார்த்தோம். தரையில் அவர்கள் படுத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. மோல்டிங் கூடத்துச் சூடு உள்ளே வந்துகொண்டிருந்தது.

கதவைச் சாத்திப் பார்த்தோம். மணி அடித்தால் நான் எழுப்புகிறேன் என்று அவர்களிடம் சொல்லி, பலகையை எடுத்துவிட்டேன். அவ்வளவு சின்ன அறையில் அத்தனை உடம்பு. கோடு கொஞ்சம் தாமதமாக ஏறியது, அவ்வளவுதான். இன்னொரு ஏசி போட்டால் தீர்ந்துவிடும். அதற்கு மேனேஜரிடம் சாட்சி காட்ட வேண்டும். சாட்சி அந்தப் படம். படத்தைப் பார்க்கிற எவனும் முதலில் கேட்பது, சாப்பாட்டு வேளையில் இந்த அறையில் என்ன நடக்கிறது என்றுதான். அதற்குப் பிறகு ஏசி வருமோ வராதோ, கதவுக்குப் பூட்டு வந்துவிடும். ஏன் உள்ளே வந்தாய் என்று ஒவ்வொருத்தியையும் நிறுத்திக் கேட்பார்கள், செல்வி கோட்டுக்குள் மறைத்த வயிறும் தெரிந்துபோகும்.

அவர்களிடம் சொல்லிவிடலாம், கொஞ்ச நாளைக்கு வராமல் இருக்கட்டும் என்றேன். என்னிடமிருந்து நல்ல யோசனை வருவது அபூர்வம், அதையும் நீங்கள் கேட்கவில்லை.

"சொன்னா வர மாட்டாக தங்கச்சி. நமக்காண்டி வராம இருந்துருவாக. அப்புறம் அந்தப் புள்ள எங்க போயிப் படுக்கும்?"

உங்கள் வேலை போய்விடும் என்றேன். இந்த லைனில் இருக்கிற கம்பெனி எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டு விசாரிக்கிறவர்கள், கெட்ட பெயர் வாங்கினால் மறைமலை நகர் வரைக்கும் ஒரு வாசலும் திறக்காது என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது, படுத்திருந்த ஒருத்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள். நீங்கள் கோப்பைத் திறந்து, வெப்பநிலை வரிக்கு முன்னால் # குறியை மறுபடி போட்டீர்கள். அதுவரை சேர்ந்திருந்த அளவுகளையும் அழித்தீர்கள். பூதத்தை நிறுத்திக் கிளப்பினீர்கள். வட்டும் நினைவகமும் நெட்வொர்க்கும் பழையபடி தங்கள் நல்ல சேதியைச் சொல்லத் தொடங்கின.

மாத முடிவில் மேனேஜர் அறைக்கு அச்சடித்த படங்களைத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே, பிறகு ஏன் விழுகிறது என்று கேட்டார். வேறு எதையும் அளந்து பார்த்தாயா என்றார். இல்லை என்றீர்கள்.

"அப்போ உனக்கு வேலை தெரியலைன்னு எடுத்துக்கலாமா?"

"அப்படியே வச்சுக்கிடுங்க சார்."

அண்ணா, நீங்கள் என்ன வேண்டுமானாலும் இழந்திருக்கலாம், அந்த ஒரு வார்த்தையை ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது. கேபிளைக்கூடக் கோணலாகக் கட்ட விடாத மனிதர் நீங்கள். ஒரு வரி பிசகினால் சாப்பாடு இறங்காது உங்களுக்கு. நான் கையிலிருந்த காகிதங்களைப் பிசைந்துகொண்டு நின்றேன். வெளியே வந்ததும், செல்விக்கு இது தெரியக் கூடாது, தெரிந்தால் அவள் அந்தத் தரையில் நிம்மதியாகப் படுக்க மாட்டாள் என்று என்னிடம் சத்தியம் கேட்டீர்கள். செய்து கொடுத்தேன்.

நோட்டீஸ் காலம் முழுக்க நீங்கள் வந்தீர்கள். மதியத்தில் சர்வர் விழும், ஓடிப்போய்க் கிளப்புவீர்கள், திட்டு வாங்குவீர்கள், உட்காருவீர்கள். கால் படாமல் அவர்களைத் தாண்டித் தாண்டி நடப்பீர்கள். செல்வி ஒரு நாள் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனாள். அதற்கு அடுத்த வாரம் நீங்களும் போனீர்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள் எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று புது இயந்திரம் ஒன்றை விற்று, அதை மேல்மாடியில் குளிர்ந்த ஆபீஸில் வைத்தார்கள். அது விழவே இல்லை. விழாதே, பின்னே? பழைய அறையின் ஏசியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அறை பூட்டப்பட்டது. மிச்சமிருந்த பெண்கள் கூடத்தில் வெட்டுகிற மேசைக்கு அடியில் படுத்தார்கள். யாருக்காக நீங்கள் பேரைக் கெடுத்துக்கொண்டீர்களோ அந்த இடம் ஆடி மாதத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பேர் மட்டும் நிலைத்துவிட்டது. நீங்கள் ஏறி இறங்கிய கம்பெனிகளின் பெயரை எனக்குச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். கடைசியில் கோவில்பட்டியில் பிரின்டர் ரிப்பேர் கடை. பொங்கலுக்கு ஒரு போன் வரும். என்னம்மா செய்தி என்று தொடங்கி இரண்டு நிமிடத்தில் அங்கேதான் வந்து நிற்பீர்கள்: செல்வி பற்றி ஏதாவது தெரிந்ததா? எனக்கு அவள் ஊர்ப் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. தெரியவில்லை என்பேன். சரி, தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும் என்று நீங்களே என்னைச் சமாதானப்படுத்துவீர்கள்.

நான் படித்து, தட்டுத்தடுமாறி, உங்கள் வேலைக்கே வந்துவிட்டேன். ஒரு முறை ஒரு பிளக்இன் அடம்பிடித்தது. உங்களுக்குப் போன் செய்தேன். அதெல்லாம் மறந்துபோச்சும்மா, இப்ப மையும் ரோலரும்தான் என்று சிரித்தீர்கள். மறுநாள் காலையில் மெசேஜ் வந்திருந்தது. எழுத வேண்டிய வரி, ஒரு புள்ளி பிசகாமல். அதைப் பார்த்துவிட்டு நான் பஸ்ஸில் அழுதேன், பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் கொடுத்தார்கள்.

பங்குனியில் உங்கள் எண்ணிலிருந்து உங்கள் தம்பி பேசினார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார். கடைசிவரை வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லையாம். சொல்ல மாட்டீர்கள்தான்.

இனி நான் இந்த மடலை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். ஒரகடத்திலிருந்து திரும்பி சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒரு அம்மாள் என் கையைப் பிடித்தாள். "நீ லேபிள் பொண்ணுதானே?" என்றாள். செல்வி. தலை பாதி நரைத்துவிட்டது. மகள் இங்கே போன் கம்பெனியில் வேலைக்கு வந்திருக்கிறாளாம், அவளோடு வாடகை வீட்டில் இருக்கிறாளாம். எந்த மகள் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா? குழந்தை பிழைத்துவிட்டது, அண்ணா. நீங்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தபோது, கேட்க நீங்கள் இல்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளே உங்களைப் பற்றிக் கேட்டாள். "அந்த ஏசி ரூம் அண்ணன் எப்டி கீறாரு? பாவம், நல்ல மனுசன். வேலதான் தெரியாதுன்னு பேசிக்கினாங்க."

என்னால் தாங்க முடியவில்லை. செய்த சத்தியம் அவள் அந்தத் தரையில் படுத்திருக்கும்வரைக்குத்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீங்கள் இறந்ததை, பூதத்தை, தினமும் ஏறிய மேட்டை, அந்த வரியை நீங்கள் மறுபடி தூங்க வைத்ததை. அவளுக்குப் புரியுமோ என்று நினைத்தேன். நன்றாகவே புரிந்தது. டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். அழுவாள் என்று காத்திருந்தேன், நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் முகத்தில் வந்தது கோபம்.

"மிசினாண்ட அத்தினி கேள்வி கேட்டாரே, எங்களாண்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? நாங்க இன்னா, வாயில்லாததுங்களா? ரெண்டு மாசம் மேசைக்கு அடியில படுத்திருப்பேன். இல்ல, ஊருக்குப் போயிருப்பேன். ஒரு ஆம்பள பொழப்பு போயி, அதுமேல நான் படுத்துக்கினு இருந்தனா?"

மேசைக்கு அடியில் படுத்திருந்தால் அந்தப் பெண் இன்றைக்குப் போன் கம்பெனியில் ஷிப்டுக்குப் போயிருப்பாளா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை அவளும் யோசித்துவிட்டாள் என்று அவள் எழுந்து நின்ற விதத்தில் தெரிந்தது. காசு கொடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு அவளே கொடுத்தாள். மகள் வருகிற நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனாள்.

உங்கள் பேரை ஒரு இடத்திலாவது மீட்டுவிட்டேன் என்று வீட்டுக்கு நடக்கும்போது நினைத்துப் பார்த்தேன். நிம்மதி வரவில்லை. அவள் கேட்டது உங்களைத்தான், அண்ணா. பதில் சொல்ல நீங்கள் இல்லாததால் அந்தக் கேள்வி என்னிடம் நின்றுவிட்டது.